வழக்கு இல்லாத செய்யுள்: கட்டளை வரியில் உருவான ஒரு தோட்டக்கதை

முன்னுரை

மலேசியத் தமிழ்ப் புனைகதையைப் பாடமாகப் பயிலும் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு பணியைத் தருவது என் வழக்கம். தம் குடும்பத்தில் தோட்டத்தில் வாழ்ந்த ஒருவரைப் பற்றி மூன்று பக்க அளவில் ஓர் எடுத்துரைப்பை எழுதித் தர வேண்டும். கற்பனை கலக்கலாம், ஆனால் அந்த மனிதர் உண்மையானவராக இருத்தல் வேண்டும். பெரும்பாலும் சந்திப்பிழை மலிந்த, ஆனால் ஆங்காங்கே ஒரு வரி நெஞ்சில் நிற்கக்கூடிய எழுத்துகளே வந்து சேரும். அண்மையில் வந்த ஒன்று அவ்வாறு இல்லை. எழுதியவர் சுங்கை சோவைச் சேர்ந்த மாணவி. தம் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தார். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்தும், மிகக்கூடாத இடத்தில் மிகாமலும், ஒருமை பன்மை மயக்கமின்றியும் அமைந்த மூன்று பக்கங்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவே ஒரு தொடரில் மட்டும் கண் நின்றுவிட்டது. பாட்டி தாம் சேகரித்த பாலை முதுகில் சுமந்த கூடையில் நிரப்பிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கி வந்தார் என்றிருந்தது அத்தொடர்.

இரப்பர்ப் பால் நீர்மம். அது கூடையில் நிற்காது.

மாணவியை அழைத்துக் கேட்டபோது அவர் மறைக்கவில்லை. கணினித் துறையில் பயிலும் தம் அண்ணனின் மடிக்கணினியில், கட்டளை வரியில் இயங்கும் ஒரு கருவியின் வழி, மொழி மாதிரி ஒன்றைக் கொண்டு உருவாக்கிய உரை அது என்றார். இத்தகைய நேரத்தில் ஆசிரியர் சினப்பது இயல்பு, நானும் சினந்தேன். ஆயினும் மறுநாள் அவர் கொண்டுவந்து தந்த ஒன்று சினத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அந்த உரை எவ்வாறு உருவானது என்பதற்கான முழுப் பதிவு அது: இட்ட கட்டளை, இட்ட நேரம், பயன்படுத்திய மாதிரி, பெறப்பட்ட விடை அனைத்தும் வரிவரியாக இருந்தன. ஓர் இலக்கியப் பனுவல் தன் பிறப்புச் சான்றோடு திறனாய்வாளர் கைக்கு வருவது அரிது. இக்கட்டுரை அப்பனுவலை ஒரு தோட்டக்கதையாகவே எடுத்துக்கொண்டு வாசிக்க முற்படுகிறது. மாணவியின் ஒழுக்கம் இங்கு ஆய்வுப்பொருள் அன்று. அந்த மாதிரியின் பெயரும் தேவையில்லை. இங்குச் சுட்டப்படும் குறைகள் ஒரு மாதிரிக்கு மட்டுமே உரியவை என்று கொள்வதற்கும் இடமில்லை.

இடம்

சுங்கை சோ, ரவாங்கிற்கும் செரண்டாவிற்கும் இடையே கூட்டரசுச் சாலையை ஒட்டி அமைந்த ஊர். இங்கிருந்து மேற்கே பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று கோல சிலாங்கூர்க் கடற்கரை வரை ஒரு காலத்தில் தோட்டங்களே தொடர்ந்து கிடந்தன. கித்தா மரங்கள் வீழ்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் வீழ்ந்து வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர்கூட இன்று பெஸ்தாரி ஜெயா. சுங்கை சோ என்றால் இன்றைய தலைமுறைக்கு நினைவுக்கு வருவது பெரொடுவா மகிழுந்துத் தொழிற்சாலை. 1994ஆம் ஆண்டு வெளிவந்த கஞ்சில் மகிழுந்தைத் தந்த நிறுவனம் அது. மாணவியின் தந்தையும் தொழிற்சாலைப் பணியாளரே. பாட்டிதான் அக்குடும்பத்தில் பால்வெட்டிய கடைசி மனிதர்.

இவ்வட்டாரத்திற்கு இயந்திரம் புதியது அன்று என்பதையும் இங்கே குறிப்பிடலாம். தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் 1894ஆம் ஆண்டு ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை இயக்கி, மலாயாவில் மின்சாரத்தை முன்னதாகக் கண்ட ஊர்களுள் ஒன்றாக அதனை ஆக்கினர். ஆகவே இயந்திரத்தைக் கண்டு மருள்வது இவ்வட்டார மரபு ஆகாது. இயந்திரம் என்ன செய்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

கருவி

கட்டளை வரி என்பது கணினியோடு உரையாடும் பழைய முறை. படமோ பொத்தானோ இல்லாத கருந்திரையில் ஒரு வரியைத் தட்டச்சு செய்து அனுப்பினால், கணினி விடையை அடுத்த வரியில் எழுதும். மொழி மாதிரிகளை இவ்வகையில் இயக்குவதற்கான கருவிகள் 2023ஆம் ஆண்டு முதல் பரவலாயின. ஜார்ஜி கெர்கானொவ் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட ‘லாமா.சிபிபி’, பெரிய கணினி நிலையங்களில் மட்டுமே இயங்கி வந்த மாதிரிகளைச் சாதாரண மடிக்கணினியிலும் இயங்கச் செய்தது. சைமன் வில்லிசன் அதே ஆண்டில் வெளியிட்ட ‘எல்எல்எம்’ எனும் கருவி, பல்வேறு மாதிரிகளை ஒரே கட்டளைச் சொல்லின் வழி அழைக்க உதவுகிறது. அனுப்பிய உரையையும் பெற்ற விடையையும் ஒரு சிறு தரவுத்தளத்தில் தானாகவே பதிந்தும் வைக்கிறது. மாணவி என்னிடம் தந்த பதிவு இத்தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டதே.

உரையாடல் பெட்டியில் இயந்திரத்தோடு பேசிப் பழகிய ஆசிரியர்களுக்கு இது வீண் கடினமாகத் தோன்றக்கூடும். என் கருத்து வேறு. உரையாடல் பெட்டி, ஒரு மனிதர் மறுமுனையில் இருக்கிறார் எனும் மயக்கத்தைத் தருகிறது. கட்டளை வரியில் அம்மயக்கம் குறைவு. எத்தனைச் சொற்கூறுகள் வேண்டும், எந்த மாதிரி, வெப்பநிலை எவ்வளவு, விதை எண் யாது என்பனவற்றை எழுதுபவரே வரையறுக்கலாம்.

வெப்பநிலை, விதை எண் ஆகிய இரண்டையும் விளக்குதல் வேண்டும். மொழி மாதிரி ஓர் உரையைத் தொடரும்போது, அடுத்து வரத்தக்க கூறுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவைக் கணிக்கிறது. வெப்பநிலை சுழியாக இருப்பின் மிகுதியான நிகழ்தகவு உடைய கூறே எப்போதும் தெரிவாகும். வெப்பநிலையை உயர்த்த உயர்த்த, பின்வரிசையில் நிற்கும் கூறுகளுக்கும் வாய்ப்புப் பெருகும். அவ்வாய்ப்பினுள் எது விழும் என்பதைக் குலுக்கலே முடிவு செய்கிறது. அக்குலுக்கலின் தொடக்கப்புள்ளியே விதை எண். ஒரே கணினியில், ஒரே விதை எண்ணோடு, ஏனையவற்றையும் மாற்றாமல் இயக்கினால் அதே உரையை மீண்டும் பெறலாம்.

இவ்வெண்ணம் புதிதன்று. உருசியக் கணிதவியலார் மார்க்கோவ் 1913இல் புஷ்கினின் ‘எவ்கெனி ஒனேகின்’ காவியத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரெழுத்தை அடுத்து மெய் வருவதும் மெய்யை அடுத்து உயிர் வருவதும் எத்தனை முறை என்று கையால் எண்ணினார். ஷானன் 1948இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரும் எனும் நிகழ்தகவைக் கொண்டே ஆங்கிலம் போலத் தோன்றும் தொடர்களை அமைத்துக் காட்டினார். இன்றைய மாதிரி முன்னே சென்ற ஒரு சொல்லை மட்டும் பாராமல் ஆயிரக்கணக்கான சொற்களை ஒருங்கே நோக்குகிறது. வேறுபாடு மிகப் பெரிது. ஆயினும் கேட்கப்படும் கேள்வி பழைய கேள்வியே: அடுத்து என்ன வரும்?

மாணவி இட்ட கட்டளை ஒரே வரி: சுங்கை சோ தோட்டத்தில் மரம் சீவிய என் பாட்டியைப் பற்றி மூன்று பக்கக் கதை எழுது. அதே மாதிரியை, அதே வரியோடு, வெவ்வேறு விதை எண்களில் நானும் பல முறை இயக்கிப் பார்த்தேன். கதைத்தலைவியின் பெயர் மாறியது. பிள்ளைகளின் எண்ணிக்கை மாறியது. கணவர் சிலவற்றில் நோயாளி, சிலவற்றில் குடிகாரர். மூடுபனி மட்டும் மாறவில்லை. பெரும்பாலான உரைகள் மலைமுகட்டை மூடிய பனியோடுதான் தொடங்கின.

பாடபேதம் எனும் சொல் இங்கே நினைவுக்கு வருவது தவிர்க்க இயலாதது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தை அணுக முயன்றார். ஏட்டுக்கு ஏடு சொல் வேறுபட்டபோதும் அவற்றுக்குப் பின்னே புலவர் ஒருவரின் கூற்று இருந்தது என்பதே அம்முயற்சியின் அடிப்படை. என் முன் கிடந்த உரைகளுக்கு அத்தகைய மூலம் கிடையாது. எந்த உரையும் மற்றொன்றின் சிதைவு அன்று. எந்த உரையும் மற்றொன்றைவிட மூலத்திற்கு அணுக்கமானதும் அன்று. ஒப்புநோக்கில் கிடைப்பது ஒன்றே: மாறாத பகுதி எது என்பது. அம்மாறாப் பகுதியே இவ்வகைப் பனுவலில் திறனாய்வாளர் கவனிக்கத்தக்கது என்பேன்.

பனுவல்

மாணவி ஒப்படைத்த உரையிலிருந்து ஒரு பகுதி வருமாறு:

“அதிகாலை மூடுபனி மலைச்சரிவுகளைப் போர்த்தியிருந்தது. மீனாட்சி தன் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு தோட்டத்தை நோக்கி நடந்தாள். மேற்பார்வையாளரின் கடுமையான குரல் அவள் காதில் ஒலித்தது. கண்களில் கண்ணீர் பெருகியது. ஆனாலும் தன் குழந்தைகளின் எதிர்காலத்தை எண்ணி அவள் புன்னகைத்தாள். மழைத்துளிகள் இலைகளில் விழும் இனிய ஓசை அவள் மனத்திற்கு ஆறுதல் அளித்தது.”

மேலோட்டமாக வாசிப்பவருக்கு இதில் குறை தெரியாது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டியொன்றில் வைத்தால் பரிசுக்குரிய பட்டியலில் இடம்பெறக்கூடும். சற்று நின்று நோக்கினால், சுங்கை சோவிற்கு உரியது என ஒரு சொல்கூட இதில் இல்லை என்பது புலனாகும். பனி போர்த்திய சரிவும் முதுகுக் கூடையும் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு உரியவை. கொழுந்தைக் கூடையில் இடலாம். பாலை இட இயலாது. பால்வெட்டுத் தொழிலாளி மரத்தில் கட்டிய மங்கிலிருந்து பாலை வாளியில் சேர்ப்பார். நிறைந்த வாளிகளைக் காண்டாவின் இருமுனைகளிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து பால் ஸ்டோருக்குக் கொண்டு செல்வார். வெட்டுக்கோட்டில் உறைந்து கிடப்பதைக் கோட்டுப்பால் என்று தனியே உரித்துச் சேர்ப்பார். இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தமக்குரிய நெரையில் வேலையைத் தொடங்குவார். அவரை அதட்டுபவருக்கு மேற்பார்வையாளர் என்று பெயரில்லை. தண்டல் என்று பெயர். கணக்கெழுதுபவர் கிராணி. இடையில் அவர் ‘காலை உணவு உட்கொள்வது’ இல்லை, பசியாறுவார்.

இவை வெறும் கலைச்சொல் வேறுபாடுகள் அல்ல. தண்டல், கிராணி, துரை எனும் சொற்களுள் ஒவ்வொன்றும் ஒரு படிநிலையைச் சுட்டுகிறது. அப்படிநிலையில் யார் யாருக்கு முன் எவ்வாறு நிற்க வேண்டும் என்பதையும் அது சுட்டுகிறது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் வைக்கப்பட்ட கோரிக்கைகளுள் ஒன்று, துரையைக் கண்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் எனும் முறையை ஒழிக்க வேண்டும் என்பது. கூலி உயர்வோடு அதையும் கேட்டார்கள். ‘கடுமையான குரல்’ எனும் பொதுத்தொடரில் இந்த மிதிவண்டிக்கு இடமில்லை. இழிவு எப்போதும் குறிப்பிட்ட ஒன்றாகவே வருகிறது. பொதுமையாக வருவது துயரம் எனும் அலங்காரம் மட்டுமே.

கண்ணீரையும் புன்னகையையும் பற்றி ஒரு சொல். இயந்திரம் இவற்றை எங்கிருந்து கற்றது என்று கேட்டால், நம்மிடமிருந்துதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தோட்டத்துச் சிறுகதை எனும் பெயரில் போட்டிகளுக்கும் சிறப்பு மலர்களுக்கும் நாம் எழுதிக் குவித்தவற்றுள் எத்தனையில் தாய் கண்ணீரோடு புன்னகைக்கவில்லை? எத்தனையில் மகன் பட்டம் பெற்று வந்து காலில் விழவில்லை? இயந்திரம் தருவது நிகழ்தகவு மிகுந்த தோட்டக்கதை எனில், அந்நிகழ்தகவை மிகச் செய்ததில் நடுவர்களாக அமர்ந்த எங்களுக்கும் பங்குண்டு. சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ போன்ற நாவலை மாணவர்கள் முதல் வாசிப்பில் கடினம் என்று ஒதுக்குவதும் இதனோடு தொடர்புடையதே. தோட்டத்துப் பேச்சு அதில் உரையாடலுக்குள் மட்டும் அடங்காமல் எடுத்துரைப்பினுள்ளும் நுழைகிறது. ஆகவே அடுத்த சொல் எது என்று வாசகரால் முன்கூட்டி ஊகிக்க முடிவதில்லை.

வழக்கும் செய்யுளும்

இக்குறைக்குக் காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது, மொழி சார்ந்தது என இரு வகைப்படும். முன்னதைச் சுருக்கமாகக் கூறலாம். ‘தோட்டம்’ எனும் சொல் நமக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் அது ஏழு குறிகளாகிறது. கணினியில் சேமிக்கப்படும் யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட்டுகள் வீதம் 21 பைட்டுகளாகிறது. உரோமன் எழுத்தில் மலாய்ச் சொல் ‘லாடாங்’ ஆறு பைட்டுகளில் முடிந்துவிடுகிறது. மாதிரிகள் உரையைச் சொற்கூறுகளாகப் பகுத்தே கற்கின்றன. எந்தக் கூறுகளைப் பட்டியலில் சேர்ப்பது என்பது எம்மொழி உரை மிகுதியாகக் கிடைத்ததோ அதைப் பொறுத்தது. லாமா 2 மாதிரியின் பட்டியலில் இருந்தவை 32,000 கூறுகள். தமிழுக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சிறிது. அதனால் தமிழ்ச்சொல் துண்டு துண்டாக உடைபட்டது. அபிநந்த் பாலச்சந்திரன் 2023இல் வெளியிட்ட ‘தமிழ் லாமா’ அப்பட்டியலில் 16,000 தமிழ்க் கூறுகளைச் சேர்த்துக் குறையைத் தணிக்க முயன்றது. ஏஐ சிங்கப்பூர் உருவாக்கிவரும் ‘சீ லயன்’ மாதிரியும் தென்கிழக்காசிய மொழிகளோடு தமிழையும் கருத்திற்கொள்கிறது. ஆகவே எழுத்து உடைபடும் இடர் காலப்போக்கில் தீரலாம். மாணவியின் உரையே சந்திப்பிழையின்றி அமைந்திருந்தது என்பதை மறக்கலாகாது.

தீராதது இரண்டாவது காரணம். தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், அந்நூலாசிரியர் ஆராய்ந்தவை உலக வழக்கும் செய்யுள் வழக்குமாகிய இரண்டும் என்று கூறுகிறது. பேச்சிலிருந்து தொடங்கி எழுத்துக்கு வரும் அவ்வரிசை தற்செயலானதன்று என்பது என் எண்ணம். மொழி மாதிரிக்கு வழக்கு கிட்டுவதில்லை. எழுதப்பட்டுக் கணினியேறியது மட்டுமே கிட்டுகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழைய இலக்கியங்களை மின்னுரையாக்கியது. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியா வளர்ந்தது. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கென 2005இல் நூலகம் திட்டம் தோன்றியது. இவற்றோடு ஒப்பிட நம் நாட்டுத் தோட்டங்களின் தமிழ், இணையத்தில் இருப்பது சொற்பம். ‘தமிழ்’, ‘தோட்டம்’, ‘பெண் தொழிலாளி’ எனும் மூன்றும் ஒருங்கே வரும்போது மாதிரியை மலையகத்துப் பனி இழுத்துச் செல்வது இதனால்தான் என்று கருதுகிறேன்.

இதில் ஒரு முரண் உண்டு, சற்றுக் கசப்பானதும்கூட. தமிழைக் கணினியில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரான முத்து நெடுமாறன் இந்நாட்டவர். அவர் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985இல். தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் முதல் அமர்வும் 1966இல் தனிநாயக அடிகளார் முயற்சியால் இந்நகரில் கூடியதே. எழுத்துருவையும் விசைப்பலகையையும் மாநாட்டையும் தந்த நாம், அவ்விசைப்பலகையில் மங்கையும் காண்டாவையும் தட்டச்சு செய்து வைக்கவில்லை. வெளிநாட்டில் முனைவர்ப் பட்ட ஆய்வு மேற்கொண்ட ஆண்டுகளில், என் நெறியாளர் தோட்டத்தமிழுக்கு அகராதி உண்டா என்று கேட்டார். வரும் என்று விடை சொன்னேன். நான் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவ்வகராதியைத் தொகுக்க நானும் கைவைக்கவில்லை.

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனப் பகுத்தார். கித்தா, மங்கு ஆகியன மலாய் மொழியிலிருந்து வந்தவை; பெரட்டு ஆங்கிலத்தின் ‘பரேட்’ மருவியது. இவற்றை இந்நாட்டின் திசைச்சொற்கள் எனக் கொள்வதில் தடையிருக்க இயலாது. ஆயினும் நம் பள்ளிகளில் இவை திருத்தப்பட வேண்டிய சொற்களாகவே நடத்தப்பட்டுள்ளன. மாணவி முன்பு எழுதிய ஒரு கட்டுரையில் ‘பசியாறினோம்’ என்றிருந்ததை நானே சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். இயந்திரம் செய்ததும் அதே திருத்தமே.

இரண்டாம் முயற்சி

இதன்பின் மாணவியிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். பாட்டியிடம் போய்ப் பேசி, அப்பேச்சைப் பதிந்து, ஒரு பக்கத்தைச் சொன்னபடியே எழுதி வர வேண்டும். அந்தப் பக்கத்தை ஒரு கோப்பாக்கி, கட்டளை வரியில் முதல் கட்டளையோடு சேர்த்து அனுப்பினோம். கட்டளை வரியின் வசதிகளுள் இதுவும் ஒன்று: ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை அப்படியே மாதிரிக்குள் செலுத்தலாம்.

உரை மாறியது. கூடை மறைந்தது, மங்கு வந்தது. மேற்பார்வையாளர் தண்டல் ஆனார். பனி நீங்கவில்லை, ஆனால் குறைந்தது. இதை இயந்திரத்தின் வெற்றி என்று ஒரு பேராசிரிய நண்பர் வியந்தார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மங்கு எனும் சொல்லைப் பெற்றுக்கொண்ட மாதிரி, பாத்திரம் வர வேண்டிய இடமெல்லாம் அச்சொல்லையே வைத்தது. பாட்டி மங்கில் சோறு உண்டாள், மங்கில் நீர் சுமந்தாள். சொல் கிடைத்தது, அச்சொல்லை ஆளும் வரம்பு கிடைக்கவில்லை. வரம்பு வழக்கிலிருந்தே வரும்.

இதைவிட முதன்மையானது மழை. பாட்டி பேசிய பக்கத்தில் மழைதான் பெரும்பகுதி. இரவில் தகரக்கூரையில் மழை விழத் தொடங்கினால் அவர் உறங்குவதில்லை. மரம் நனைந்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஓசை தணிகிறதா, விடியுமுன் பட்டை காயுமா, இந்த மாதம் எத்தனை நாள் போயிற்று என்று படுத்தபடியே எண்ணிக்கொண்டிருப்பார். மாதிரி இச்செய்தியை உள்வாங்கத் தவறவில்லை. மழை பெய்தால் கூலி இல்லை என்று எழுதியது. அடுத்த தொடரிலேயே, மழையின் இனிய ஓசை அவள் மனத்திற்கு ஆறுதல் அளித்தது என்றும் எழுதியது. விதை எண்ணை மாற்றினோம். ஓசை ‘தாலாட்டு’ ஆனது. வெப்பநிலையைக் குறைத்தோம், மீண்டும் ‘இனிய ஓசை’. தமிழ்ப் பனுவல்களில் மழை எவ்வளவு காலமாக இனிமையோடு சேர்ந்து வந்திருக்கிறது என்பதை இது காட்டுகிறது. ஒரு பக்கத்தின் எடை, அந்த நெடிய பழக்கத்தைப் புரட்ட வல்லதன்று. தகரத்தின் கீழ் படுத்திருக்கும் கூலிப்பெண்ணுக்கு அந்த ஓசை கணக்கு என்பதை அறிய, அங்கே படுத்தவர் சொல்ல வேண்டும். சொன்னதை நம்பி எழுதுபவரும் வேண்டும்.

முதல் உரையை மாணவி பாட்டிக்கு உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏம்மா, கூடையில பாலு நிக்குமா?” என்று கேட்டதாகவும், பிறகு “இது எந்தத் தோட்டத்துக் கதை?” என்று விசாரித்ததாகவும் மாணவி கூறினார். அவர் கேட்டதில் ஏளனம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். வேறு ஏதோ தோட்டத்தில் அப்படியும் நடந்திருக்கலாம் என்றே பாட்டி எண்ணியிருக்கிறார்.

பாட்டி மேலும் ஒன்று கூறியிருக்கிறார். தண்டல் ஒருவரைப் பற்றி அவர் பேசிய பகுதியை எங்கும் போடக்கூடாது; அந்தக் குடும்பம் இன்னும் அதே வீடமைப்புப் பகுதியில்தான் இருக்கிறது. சொற்களை எடுத்துக்கொள்ளலாம், அதை மட்டும் வேண்டாம் என்பது அவர் விருப்பம். தோட்டத்தமிழைத் திரட்டித் தரவாக்க வேண்டும் என்று பேசும் நம்மில் பலரும் இவ்விடத்தைக் கடந்து போய்விடுகிறோம். திரட்டி இணையத்தில் இட்ட பேச்சு, யார் கேட்டாலும் எதற்கும் பயன்படும் மூலப்பொருளாகிவிடும். திரட்டாமல் விட்டாலோ இடைவெளியைப் பனியும் கூடையும் நிரப்பும். அவ்வாறு நிரப்பப்பட்ட உரைகளே மீண்டும் இணையத்தில் ஏறி, அடுத்து வரும் மாதிரிக்குப் பாடமாகும். பால் கூடையில் நிற்காது என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துவரும் காலத்தில் இரண்டும் இடர்தான். இரண்டாவது இன்னும் விரைவானது என்று நினைக்கிறேன்.

எங்கள் வகுப்பளவில் ஒன்றைச் செய்துள்ளோம். இயந்திரத்தைப் பயன்படுத்தும் மாணவர் அதன் பதிவை உரையோடு இணைக்க வேண்டும்: கட்டளை, மாதிரி, வெப்பநிலை, விதை எண். தடை விதிப்பதைவிட இது பயன் தருகிறது. பதிவை வைத்து, மாணவர் எதைக் கேட்டார், எதைக் கேட்கத் தோன்றவில்லை என்பதை வகுப்பிலேயே விவாதிக்கலாம். கேட்கத் தோன்றாதது பெரும்பாலும் வீட்டில் இருப்பவரிடம் கேட்க வேண்டியதாகவே இருக்கிறது.

மாணவி மூன்றாவதாக ஒப்படைத்தது அவரே எழுதிய ஒன்றரைப் பக்கம். சந்திப்பிழை பதினொன்று. தலைப்பு இல்லை. மழையில் தொடங்கி, பட்டை காயாத ஒரு விடியலில் நின்றுவிடுகிறது. முதல் உரைக்குத் தந்திருக்கக்கூடிய புள்ளியைவிட மிகுதியாகவே இதற்குத் தந்தேன். மதிப்பீட்டுப் படிவத்தில் ‘மொழித்திறன்’ எனும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அதை நெடுநேரம் வெறுமையாக வைத்திருந்தேன். பாட்டியின் பேச்சு மாணவியின் கணினியில் மட்டுமே இருக்கிறது. தண்டல் பற்றிய பகுதியை நாங்கள் எழுத்தாக்கவில்லை. பால்வெட்டும் கத்தியைத் தீட்டும் முறைக்கு அவர் வேறொரு சொல் வைத்திருக்கிறார் என்றும், அதை அடுத்த முறை போகும்போது கேட்டு வருவதாகவும் மாணவி சொல்லியிருக்கிறார்.